வாசலில் நிற்க வேண்டியவனை உள்ளே இழுத்த அப்பாவுக்கு

ஆசை அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். எல்லாரும் படுத்த பிறகு வீட்டில் ஒரு விளக்கு எரிந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. "லைற்றை நூத்துப்போட்டுப் படு பிள்ளை, நாளைக்கு எழும்ப வேணும்" என்று அறைக்குள் இருந்தே சத்தம் வரும். இப்போது சத்தம் போட ஆளில்லை. கவின் நித்திரையாகிற நேரம்தான் என் கை இரண்டும் எனக்குச் சொந்தம். அவன் எப்போது நித்திரையாவான் என்பது அவனுக்கே தெரியாது.

இது உங்களுக்கு எழுதுகிற கடிதம். ஆனால் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் போடப்போகிறேன். நம் வீட்டில் முக்கியமான கதை எல்லாம் கதவைச் சாத்திவிட்டுத்தானே கதைக்கப்பட்டது? இது ஒன்றாவது கதவு திறந்திருக்கக் கதைக்கப்படட்டும்.

நான் உங்களோடு கோபம், அப்பா. மோசம் போனவர்களோடு கோபிக்கக் கூடாது, ஆத்மா சாந்தியடையாது என்று அம்மா சொல்கிறா. உங்கள் ஆத்மா சாந்தியடைய வேண்டாம். கொஞ்ச நாளைக்காவது அது என்னைப் போல முழித்துக்கொண்டு இருக்கட்டும்.

முதலில் பேரனின் சங்கதி. கவின் நடக்கிறான். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, செக்பொயின்ற்றில் நிற்பாட்டினவனைப் போல, ஆடி ஆடி நடக்கிறான். தண்ணீர் என்றால் பைத்தியம். வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அலையைப் பார்த்துக் கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். ரயில் போனாலும் சிரிக்கிறான். ஊசி போட்டாலும் அழுது முடிக்க முதல் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு சொல்லுக் கதைக்கிறான் இல்லை. 'அம்மா' கூட இல்லை. நீங்கள் போய் இரண்டு மாதத்தில் வலிப்பும் வந்தது. அந்தக் காலையை எழுத எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகுதான் பொரளையில் ஒரு டொக்டரிடம் போனோம். சிங்களப் பிள்ளை, என்னைவிட இளையவ. கவின் அறைக்குள் நடந்து வந்ததையும், தன் கழுத்தில் தொங்கினதைப் பிடித்து இழுத்துச் சிரித்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றா. மறுமொழி வந்தது. ஏஞ்சல்மன் சிண்ட்ரோம். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

அவ இங்கிலீஷில் விளங்கப்படுத்தினதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டும். நான் ஏ.எல். சோதனைக்கு பயோ படித்தபோது நரம்புக்கலத்தின் படத்தை உங்கள் வேலைக் கந்தோரில் பெரிதாகக் கொப்பி எடுத்து வந்து தந்தது நீங்கள்தான். அதில் இரண்டு கலங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி ஒன்று இருக்கும், நரம்பிணைப்பு. இந்தக் கலம் ஒரு இரசாயனத்தை விடும்; அந்தக் கலத்தின் வாசலில் வாங்கிகள் நின்று அதை வாங்கும். சோதனைக்கு அவ்வளவுதான் தேவை. அந்த வாங்கிகள் சுவரில் அடித்த ஆணி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இல்லையாம். கலம் ஓயாமல் அவற்றை வாசலுக்கு அனுப்பிக்கொண்டும் உள்ளே எடுத்துக்கொண்டும் இருக்குமாம். ஒரு பிள்ளை ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேட்டால், அந்த இணைப்பில் கூட வாங்கிகள் வந்து நிற்குமாம். பாவனை இல்லாத இடத்தில் உள்ளே எடுத்துவிடுமாம். உள்ளே போனதில் சிலது திரும்ப வாசலுக்கு வரும். சிலதின் முதுகில் ஒரு சின்னப் புரதம் ஒட்டப்படும்; 'இது இனித் தேவையில்லை' என்ற அடையாளம். ஒட்டினது உடைக்கிற இடத்துக்குப் போய்த் துண்டுதுண்டாகிவிடும். அப்படி ஒட்டி உடைப்பதும் வேண்டுமாம், அப்பா. கூட்டாத வீட்டில் குடியிருக்க ஏலுமோ? படிக்கிறது, மறக்கிறது, பழகிறது எல்லாம் இந்தப் போக்குவரத்துத்தானாம்.

அந்த அடையாளத்தை ஒட்டுகிற ஆட்கள் பல பேர். அதில் ஒரு ஆள் கவினின் மூளைக்கலங்களில் இல்லை. அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் இல்லாதபடியால், வாங்கிகளை உள்ளே இழுக்கிற ஒரு புரதம் உடைபடாமல் குவிந்துபோகிறதாம். குவிந்தது சும்மா இருக்குமா? வாசலில் நிற்க வேண்டியவற்றையும் இழுத்து இழுத்து உள்ளே போடுகிறதாம். நான் "கவின், அம்மா சொல்லு" என்கிறேன். சொல்லு வாசல் வரைக்கும் வருகிறது. வாங்க அங்கே போதுமான ஆள் இல்லை. இது ஒரு விளக்கம் மட்டும்தான், இன்னும் முழுக்கத் தெளிவில்லை, வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று டொக்டர் நேர்மையாகச் சொன்னா.

இனித்தான் உங்கள் பங்கு வருகிறது.

அந்த ஆளைச் செய்வதற்கான பரம்பரையலகு எல்லாரிடமும் இரண்டு பிரதி இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஆனால் மூளையின் நரம்புக்கலங்களில் தகப்பன் தந்த பிரதி வாயே திறக்காது. தாய் தந்தது மட்டும்தான் வேலை செய்யும். கவினுக்கு நான் கொடுத்தது பழுதான பிரதி.

இதைக் கேட்டு உங்கள் மருமகன் பிரதீபனின் அம்மா என்ன சொன்னா தெரியுமா? "நான் அப்பவே நினைச்சனான். எங்கட பக்கத்துப் பிள்ளையள் ரெண்டு வயசில தேவாரம் பாடினதுகள். இது தாய்ப்பக்கத்துப் பிழை எண்டு இப்ப டொக்டரே சொல்லிப்போட்டா." கொட்டாஞ்சேனையில் அவவின் தெரு முழுக்க அது போய்விட்டது. பிரதீபன் ஒரு நாள், "அம்மா, நானும் அவனுக்குக் குடுத்தனான், என்ரது வாயை மூடிக்கொண்டு இருக்குது, அவ்வளவுதான்" என்று கத்தினார். அவ காதில் விழவில்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு கவின் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

டொக்டர் அடுத்ததாகக் கேட்டா: "இது உங்களில் புதிதாக வந்ததா, உங்கள் பெற்றோரிடம் இருந்து வந்ததா? குடும்பத்தில் இப்படி வேறு பிள்ளைகள் இருந்தார்களா? ஒரு வம்சப் படம் கீறித் தாருங்கள்." நான் பெருமையோடு சொன்னேன், கீறத் தேவையில்லை, அச்சடித்தே இருக்கிறது என்று. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பக்கத்தில் உங்கள் படம், நடுவில் வம்சாவளி மரம். அம்மா சொல்லச் சொல்ல நான் ரைப் பண்ணின மரம். டொக்டருக்கு ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினேன். ஒருவரிலும் குறையில்லை. அவவும் தலையை ஆட்டி, அப்படியென்றால் உங்களில் புதிதாக ஏற்பட்டிருக்கலாம், உங்கள் தங்கைக்குப் பயமில்லை என்றா.

உங்கள் இளைய மகளுக்குப் பயமில்லை. துஷிக்கு அப்போதுதான் லண்டன் சம்பந்தம் பொருந்தி, கலியாண எழுத்துக்கு நாளும் வைத்திருந்தார்கள். நான் நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு பொய் மரத்தைக் காட்டி வாங்கின நிம்மதி.

பிறகு உங்கள் முதலாம் வருஷ ஆட்டைத் திவசம் வந்தது. கனடாவில் இருந்து உங்கள் தங்கச்சி வந்திருந்தா. கனடா மாமியை நான் போனில் பார்த்ததுதான். சின்ன வயதில் பார்த்தது ஞாபகமில்லை. ஐயர் போய், இலை போட்டு, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரம். உள் அறையில் படுத்திருந்த கவின் எழும்பி, கையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, விறாந்தைக்கு ஆடி ஆடி வந்தான். மாமி கையில் இருந்த பாயசக் கோப்பையைக் கீழே வைத்தா.

"ஐயோ, இது எங்கட ரவியெல்லே!"

அம்மா உடனே, "மச்சாள், கொஞ்சம் குசினிக்கு வாங்கோ" என்றா.

"இல்லை மச்சாள், பாருங்கோ, அதே நடை. அதே கை. சிரிக்கிறதைப் பாருங்கோ!"

"மச்சாள், ஆக்கள் இருக்கினம்."

"ஆக்கள் எப்பவும்தான் இருந்தவை" என்று சொல்லி மாமி கவினைத் தூக்கி மடியில் வைத்தா. அவன் அவவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவ அழுதா. நீங்கள் செத்த அன்று போனில்கூட அவ அப்படி அழவில்லை.

ரவி யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாமியின் மூத்த மகன். மரத்தில் இல்லாத கிளை. கதைக்கத் தெரியாத, சிரிக்கத் தெரிந்த பிள்ளை. மாமி குடும்பம் கனடாவுக்குப் போனபோது அவனுக்கு விசா கிடைக்கவில்லை. "நீ போ தங்கச்சி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி அவனை வாங்கினது நீங்கள். முகத்துவாரத்துப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டதும் நீங்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி மாமி ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டதும் நீங்கள். "அண்ணை கேட்டவர் பிள்ளை, 'உன்ர ஒரு பெடியனுக்காக என்ர ரெண்டு பெட்டையளையும் வீட்டில வச்சிருக்கட்டோ?' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?" என்று மாமி குசினிக்குள் நின்று சொன்னா. அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே இருந்தா. பொரித்தது கருகிக் கருகி வந்தது.

அவன் இறந்துவிட்டானா என்று கேட்டேன். மாமி என் வாயைப் பொத்தினா. "இருக்கிறான். இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறான்."

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய கந்தோர்ச் சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்வீங்களே, அப்பா. அந்தச் சிநேகிதரின் பெயரை ஒரு நாளாவது நாங்கள் கேட்டிருக்கிறோமா?

திரும்பவும் டொக்டரிடம் ஓடினேன். அவ புதிதாக ஒரு மரம் கீறினா. உங்கள் அப்பாவில் தொடங்கினா. அவர் உங்களுக்கும் கொடுத்தார், மாமிக்கும் கொடுத்தார். தகப்பன் தந்த பிரதி என்பதால் உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமி பெற்றபோது அது தாய் தந்த பிரதியாகிவிட்டது, ரவி வந்தான். நீங்கள் எனக்குக் கொடுத்தபோது எனக்கும் ஒன்றுமில்லை. நான் கொடுத்தபோது கவின். இந்தத் தகப்பன்மாரின் வழியில் அது சத்தமில்லாமல் நடந்து வந்து, ஒவ்வொரு பெட்டையின் மடியிலும் சத்தம் போடுகிறது. துஷியிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி. இருந்தால் அவளின் ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பவும் காசைச் சுண்ட வேண்டும்.

உங்களுக்குப் பரம்பரையலகு தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். அதன் பெயர் தெரியாது. ஆனால் முகம் தெரியும்தானே? கவினுக்கு ஒரு வயதாகி, அவன் கையைத் தூக்கித் தூக்கிச் சிரிக்கத் தொடங்கின நாளில் நீங்கள் அவனைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவனைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவதை விட்டீங்கள். ஆட்கள் வந்தால், "பிள்ளைக்கு நித்திரை வருது" என்று உள் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நீங்களும் உள்ளேயே இருந்தீங்கள். அவனுக்கு ஒரு நாளும் நித்திரை வந்ததில்லை. பேரனில் எவ்வளவு பாசம் பாருங்கோ என்று நான் ஆட்களுக்குச் சொன்னேன். கவினின் கலங்கள் தெரியாமல் செய்வதை நீங்கள் தெரிந்து செய்தீங்கள், அப்பா.

நான் "ஏன் இன்னும் கதைக்கிறான் இல்லை?" என்று கேட்ட ஒவ்வொரு முறையும் "ஆம்பிளைப் பிள்ளையள் சுணங்கித்தான் கதைப்பினம்" என்றீங்கள். காதைச் சோதித்தோம். கோயில் கோயிலாக மணி வாங்கிக் கட்டினோம். நாக்குக்குக் கீழே இருக்கிற சவ்வை வெட்டினால் கதைப்பான் என்று பிரதீபனின் அம்மா ஆரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னா. உங்களைக் கேட்டேன், "வெட்டுவமோ அப்பா?" நீங்கள் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு "உங்கட விருப்பம்" என்றீங்கள். என் விருப்பமா? ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். அவன் வாயில் இரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். நீங்கள் வெளியே வாங்கில் குந்தி, கண்ணை மூடித் திருநீற்றைப் பூசிக்கொண்டு இருந்தீங்கள். அந்த நாக்கு ஒரு நாளும் கதைக்கப்போவதில்லை என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே மனிதர் நீங்கள்தான்.

இதை நான் எப்படி மன்னிக்க? சொல்லுங்கோ.

பெட்டைகளைக் கரை சேர்க்க வேண்டும் என்ற பயம் உங்களுக்கு. எனக்கு விளங்குகிறது. எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். செவ்வாய் எத்தனையில் நிற்கிறது என்று மூன்று சாத்திரியாரிடம் கேட்டீங்கள். பொருத்தம் ஒன்று குறைந்தாலும் விட மாட்டேன் என்று நின்றீங்கள். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை விழுங்கிப்போட்டுத்தானே மாப்பிள்ளை வீட்டில் பலகாரம் சாப்பிட்டீங்கள்? பிரதீபனுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கட்டியிருப்பாரா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். பிறகு, "ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். இரண்டும் நியாயம்.

துஷிக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என் காலில் விழப்பார்த்தா.

"தாலி ஏறட்டும் பிள்ளை. பிறகு மெல்லமாச் சொல்லலாம்."

"பிறகு எப்ப அம்மா? அவளுக்கு ஒரு கவின் பிறந்த பிறகோ?"

"ஏன் வாயால சொல்லுறாய்? அவளுக்கு ஒண்டும் வராது. அப்பா மேல இருந்து பாப்பார்."

"அப்பா கீழ இருக்கேக்கையே பாத்துக்கொண்டுதானே இருந்தவர்."

அம்மா அடித்துவிட்டா. எனக்கு, இந்த வயதில். அடித்துவிட்டுத் தானே அழுதா. அவவைக் கோபிக்க எனக்குப் பெலமில்லை. எல்லாக் கோபமும் உங்களுக்குத்தான் போகிறது.

கூறைச் சேலை எடுக்க காலி வீதிக் கடைக்கு நானும் துஷியும் போனோம். எடுத்து முடிய விடாமல், "வா, கடற்கரையால நடப்பம்" என்று இழுத்துக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு அங்கால் கல்லில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு இதைச் சொல்லக் கூறை எடுக்கிற நாள்தான் கிடைச்சுதோ?"

"நேற்றுத் துணிவு வந்திருந்தா நேற்றுச் சொல்லியிருப்பன்."

"உன்ர வாழ்க்கை இப்படிப் போச்சுது எண்டு என்ரதையும் பழுதாக்கப் பாக்கிறாய்."

 அவள் தனியாக முச்சக்கரவண்டி பிடித்துப் போய்விட்டாள். ஒரு கிழமை கதைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க, பிழை செய்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் செய்ததுதான் சரியோ என்றுகூட ஒரு தரம் நினைத்தேன். பிறகு அவளே என் அறை வாசலில் வந்து நின்றாள். 'அக்கா' என்றுகூடச் சொல்லவில்லை. "நான் அந்த ஆளைப் பாக்க வேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போ."

சனிக்கிழமை அந்த இல்லத்துக்குப் போனோம். கொட்டாஞ்சேனையைத் தாண்டித்தான் பஸ் போகிறது. பிரதீபனின் வீட்டு ஒழுங்கையையும் தாண்டி. இத்தனை வருடமும் சம்பந்தி வீட்டு வாசலால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பீங்கள், என்ன?

சோமா அக்கா என்று ஒரு சிங்கள மனிசி கேட்டைத் திறந்தா. முகச் சாயலைப் பார்த்துவிட்டு முதல் கேட்டது, "மஹத்தயா கோ?" ஐயா எங்கே என்று. ஐயா செத்துவிட்டார் என்று துஷிதான் சொன்னாள். அவ தலையில் கையை வைத்துக்கொண்டு, "அதுதான். இவர் சனிக்கிழமையில் கேட்டடியை விட்டு வாறதே இல்லை" என்றா.

அவவின் பின்னால் ரவி நின்றார். தலை நரைத்த மனிதர், அப்பா. உங்கள் நெற்றி. கவினின் கை. எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி அப்படி ஒரு சிரிப்பு. துஷியின் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பறித்து, ஆட்டி ஆட்டிப் பார்த்தார். துஷி அவரைப் பார்த்துக்கொண்டே நின்று, மெல்லச் சொன்னாள்: "முறைக்கு எனக்கு அத்தான் எல்லே. இவரைத்தான் எனக்குப் பேசியிருக்க வேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குந்தியிருந்து அழுதாள். ரவி அத்தான் அவளின் தலைமயிரை இழுத்துப் பார்த்தார்.

ஒவ்வொரு சனியும் வந்திருக்கிறீங்கள். மருந்து நேரம், பல்லு வலி, வெள்ளம் வந்து இடம் மாற்றினது எல்லாம் உங்களுக்குத் தெரியுமாம். இப்படி ஒரு பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும், வலிப்பு வந்தால் எப்படிச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், என்ன சாப்பாடு தொண்டையில் சிக்கும் என்று எல்லாம் தெரிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நானோ ஆரையும் கேட்கத் தெரியாமல் போனில் தேடித் தேடிச் செத்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு நான் உருகுவேன் என்று சோமா அக்கா நினைத்தா. எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. உங்களுக்கு அன்பு வைக்கத் தெரியாமல் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பேன்.

அன்று பின்னேரம் துஷி எல்லாரும் இருக்க, போனைச் சத்தமாக வைத்து ஜனகனுக்குச் சொன்னாள். ஜனகன்தான் அந்த லண்டன் மாப்பிள்ளை. அவர் கேட்டார்:

"நீர் ஏன் இதைச் சொல்லுறீர்? சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிய வந்திருக்காதே."

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

"இரத்தம் குடுத்தாச்சோ?"

"திங்கட்கிழமை குடுக்கிறன். இருக்குது எண்டு வந்தாலும் பிள்ளை பெற வழி இருக்காம், முதலே சோதிச்சுப் பாக்கலாமாம். ஆனா நீங்கள் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ."

வீட்டில் கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை. சோதனை மறுமொழியும் வரவில்லை. கூறை கடையிலேயே கிடக்கிறது. அம்மா என்னோடு கதைப்பதில்லை. ஆனால் துஷி இரவில் என் பக்கத்தில் வந்து படுக்கிறாள். "அக்கா, வராட்டி விடு. வாறவன் தெரிஞ்சு வரட்டும்" என்று நேற்றுச் சொன்னாள். அவளின் குரலில் நடுக்கம் இருந்தது. பொய் இருக்கவில்லை.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அப்பா, கேட்டாலும் கேட்காவிட்டாலும். இனி இந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும் கவின் முன் அறையில்தான் இருப்பான். துஷிக்குக் கலியாணம் நடந்தால் முதல் வரிசைக் கதிரையில் அவனும் ரவி அத்தானும். நடக்காவிட்டால் அந்த நாளில் நாங்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போவோம். சனிக்கிழமை இனி என்னுடையது. கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், கோபத்தோடுதான் போவேன்.

போன சனி பிரதீபனும் வந்தார். ரவி அத்தான் நேரே அவரிடம் வந்து, சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் துழாவினார். பிறகுதான், நாங்கள் அறிய, முதல் தரம் அவரின் சிரிப்பு நின்றது. என்ன தேடுகிறார் என்று சோமா அக்காவுக்கும் தெரியவில்லை. மஹத்தயா அவரைத் தூரத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கொடுப்பார், நாங்கள் பார்த்ததில்லை என்றா. பக்கத்துக் கடையில் ரொபி இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், தட்டிவிட்டார். சரசரக்கிற பேப்பர் கொடுத்தேன், அதுவும் இல்லை. மாமியிடம் கேட்டேன், தெரியாதாம்.

உங்கள் சட்டைப் பையில் என்ன இருந்தது? மற்ற எதற்கும் நீங்கள் மறுமொழி சொல்ல வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமைக்கு முதல், கெதியாப் பதில் போடுங்கோ.

உங்கட மூத்த மகள்,
கவினின் அம்மா,
ரவியின் மச்சாள்.